புழுவிற்குள் குளவி: தாய்வழி மரபு கூறும் உறவுமுறை

"கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்" என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. விடாமுயற்சியின் பெருமையை மாணவர்க்கு விளக்க ஆசிரியர்கள் இதனை எடுத்தாள்வது வழக்கம். நானும் ஆசிரியப் பயிற்சி பெற்று வகுப்பறைக்குச் சென்ற நாள்களில் பலமுறை இதனைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். எழுதிய பழமொழிக்குள் ஓர் உயிரியல் உண்மை பாதி மறைந்தும் பாதி தெரிந்தும் கிடக்கிறது என்பதை உணர, அண்மையில் தம்போயிலுள்ள ஒரு வீட்டுக் கொல்லைக்குப் போக வேண்டியிருந்தது.

தம்போய் இன்று ஜொகூர் பாருவோடு ஒட்டிய புறநகர். அடுக்கு வீடுகளும் தொழிற்கூடங்களும் நிறைந்த இடம். தம்போய் என்பது ஒரு பழமரத்தின் மலாய்ப் பெயருமாகும். அம்மரத்தை இப்பொழுது அங்கே தேடித்தான் காணவேண்டும். தோட்டங்களில் உழைத்து ஓய்வு பெற்றவர்கள் பலர் இத்தகைய புறநகர்களில் தம் பிள்ளைகளோடு வாழ்கின்றனர். மண்ணோடு பழகிய கை சும்மா இராது. வீட்டின் பின்புறம் நான்கடி நிலம் கிடைத்தாலும் அங்கே ஒரு கறிவேப்பிலை, ஒரு கொய்யா, நாலு சேம்புச் செடி நட்டுவிடுவார்கள். அப்படிப்பட்ட ஒரு பெரியவர், செம்பனைத் தோட்டமொன்றில் மண்டோராக இருந்தவர், எண்பதை நெருங்கும் வயதினர், என்னைச் சேம்புச் செடியருகே அழைத்துச் சென்றார்.

"பாருங்கள் தம்பி, இந்தப் புழு இலையைத் தின்றது போதாதென்று முதுகிலேயே முட்டையும் இட்டு வைத்திருக்கிறது" என்று சொல்லி ஒரு குச்சியை எடுத்தார்.

பெருவிரல் பருமனுள்ள பச்சைப் புழு அது. அதன் மேல் அரிசி மணிகளைப் போல் முப்பதுக்கும் மேற்பட்ட வெண்ணிறப் பொருள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. பார்ப்பவர் எவரும் முட்டை என்றே எண்ணுவர். ஆனால் புழு முட்டையிடாது. அது வளர்ந்து விட்டிலான பின்னரே முட்டையிடும். நாங்கள் கண்டவை குளவியின் கூடுகள். "நசுக்காதீர்கள் ஐயா, அவை நமக்கு வேண்டியவை" என்று கேட்டுக்கொண்டேன்.

நடந்தது இதுதான். எறும்பைவிடச் சிறிய ஒரு பெண் குளவி அந்தப் புழுவைத் தேடி வந்து, ஊசி போன்ற உறுப்பால் அதன் உடலுக்குள் முட்டைகளை இட்டுச் சென்றது. முட்டையிலிருந்து வந்த குளவிக் குஞ்சுகள் புழுவின் உள்ளேயே வாழ்ந்து அதனைத் தின்று வளர்ந்தன. வளர்ச்சி முற்றியதும் தோலைத் துளைத்து வெளியே வந்து வெண்பட்டுக் கூடு கட்டின. புழு அதன் பிறகு பிழைப்பதில்லை. குளவி கொட்டுவது உண்மை. புழுவிலிருந்து குளவி வருவதும் உண்மை. புழுவே குளவியாக மாறுகிறது என்பது மட்டும் கண் செய்த பிழை.

உண்ணியும் குடற்புழுவும் பிற உயிரை அண்டி வாழ்பவை; பெரும்பாலும் அவ்வுயிரைக் கொல்வதில்லை. இக்குளவிகளோ அண்டிய உயிரைக் கொன்றே தீரும். அறிவியலார் இவற்றை ஒட்டுண்ணிக் குளவிகள் என அழைப்பர். இவற்றுள் மிகப் பலவும் மனிதரைக் கொட்டுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். குளவி என்ற பெயரைக் கேட்டதும் சீமைத்தைலம் தேடுவோர் நம்மிடையே உண்டு.

செம்பனையும் பைப்புழுவும்

கொல்லையில் நடந்த இந்தச் சிறு நாடகமே செம்பனைத் தோட்டத்தில் பெரிய அளவில் நடைபெறுகிறது. நம் நாட்டில் வாணிகமுறையில் செம்பனை முதன்முதலாக 1917ஆம் ஆண்டில் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் நடப்பட்டது. பல ஆண்டுகள் அதன் இலைகளுக்குப் பெருந்தொல்லை நேரவில்லை. 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும்தான் பைப்புழுவின் படையெடுப்பு கடுமையாயிற்று. மலாய்மொழியில் ஊலாட் பூங்குஸ் எனப்படும் இப்புழு, இலைத்துணுக்குகளால் ஒரு பையைப் பின்னி, அதனுள் உடலை மறைத்துக்கொண்டு, தலையை மட்டும் நீட்டி இலையைத் தின்னும். இவற்றுள் முதன்மையானது மெத்திசா பிளானா என்னும் இனம். அதன் பெண் விட்டிலுக்குச் சிறகில்லை. அது பையை விட்டு வெளியே வராமலே முட்டையிட்டு மடிகிறது. குஞ்சுகள் பட்டு நூலில் தொங்கிக் காற்றில் மிதந்து அடுத்த மரத்திற்குச் செல்லும்.

பெரியவர் அந்தக் காலத்தைச் சிறுவராகக் கண்டவர். "இலையெல்லாம் தீய்ந்து, மட்டை துடைப்பம் மாதிரி நின்றது. மருந்து அடிக்க அடிக்கப் புழு கூடியது, குறையவில்லை" என்றார். அவர் கூறியது முதுமையின் மிகைப்பேச்சு அன்று. அந்நாளில் டி.டி.டி., டீல்ட்ரின், எண்ட்ரின் முதலிய நச்சு மருந்துகள் தாராளமாகத் தெளிக்கப்பட்டன. பூச்சியியல் அறிஞர் பி. ஜே. உட் இதனை ஆராய்ந்து, செம்பனையின் பூச்சிகளைப் பற்றிய தம் நூலை 1968இல் வெளியிட்டார். பையினுள் பதுங்கிய புழுக்களில் பல மருந்துக்குத் தப்பின. வெளியே பறந்து திரிந்த குளவிகளோ மாண்டன. காவலனைக் கொன்றுவிட்டுக் கள்ளனைத் தேடிய கதைதான். கண்டதையெல்லாம் கொல்லும் மருந்தைக் கைவிட்டு, புழுவை மட்டும் தாக்கும் மருந்தை வேண்டிய இடத்தில் மட்டும் பயன்படுத்தியபோது நிலைமை சீரடைந்தது. சபாவில் தாவாவ் வட்டாரத்துக் கொக்கோத் தோட்டத்திலும் கோர்டன் கான்வே என்பார் 1961இல் கண்மூடித்தனமான தெளிப்பை நிறுத்தச் செய்து இதே பாடத்தைக் கற்றார்.

இது ஏட்டுச் செய்தியன்று. செம்பனையின் இலைப்பரப்பில் பாதி அழிந்தால் அடுத்த இரண்டு ஆண்டு விளைச்சலில் 40 விழுக்காட்டிற்கும் மேல் குறையக்கூடும். குலை குறைந்தால் கூலியும் குறையும். முதுகில் மருந்துத் தோம்பைச் சுமந்து நாள் முழுதும் தெளித்தவர்களில் நம் பெண்கள் எத்தனை பேர் என்பதையும் தோட்டத்து வாசகர்க்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பைப்புழு இன்றும் ஒழிந்துவிடவில்லை. 2013ஆம் ஆண்டில் அரசாங்கம் அதனை ஆபத்தான பயிர்ப்பகை என அரசிதழில் அறிவித்தது.

நண்பன் யார், பகைவன் யார்?

அவ்வாறாயின் குளவிகள் அனைத்தையும் காப்பாற்றினால் போதுமே என வாசகர் கேட்கலாம். அங்கேதான் சிக்கல். பைப்புழுவின் பையை ஒரு புட்டியில் இட்டு வைத்தால் அதிலிருந்து வெளிவரும் குளவிகள் ஒரே வகையாக இரா. தோலிகோஜெனிடியா மெத்திசே என்பது புழுவைத் தின்னும் குளவி, நம் நண்பன். பெடியோபியஸ் வகையைச் சேர்ந்த சில குளவிகளோ அந்த நண்பனைத் தின்னும் குளவிகள். குளவிக்குள் குளவி! இரண்டும் ஒரே பையிலிருந்து வருவதால், எது புழுவைக் கொன்றது, எது புழுவைக் கொன்றவனைக் கொன்றது என்பதை வெளித்தோற்றம் சொல்லாது. சில மில்லிமீட்டர் நீளமே உள்ள உயிர்களில் சிறகின் நரம்பையும் மீசையின் கணுவையும் உருப்பெருக்கியில் எண்ணியே அறிஞர்கள் இனம் பிரித்து வந்தனர். அதிலும் தவறு நேர்ந்தது.

தவறுக்கு ஒரு சான்று நம் மண்ணோடு தொடர்புடையது. 1940களின் பிற்பகுதியில் ஹவாய்த் தீவுகளில் பழ ஈயின் தொல்லை பெருகியபோது, அதன் பகைவர்களான குளவிகளை மலாயா உள்ளிட்ட பல நாடுகளிலிருந்து தருவித்தனர். வந்தவற்றுள் ஒன்றை வேறொரு குளவியாக எண்ணி, அது ஈயின் புழுவைத் தாக்குவதாகவே கருதினர். அது புழுவை விட்டு ஈயின் முட்டையில் தன் முட்டையை இடும் தனி இனம் என்பது 1951ஆம் ஆண்டில்தான் தெளிவாயிற்று. ஃபோபியஸ் அரிசானஸ் என இன்று பெயர் பெற்ற அக்குளவியே ஹவாயில் பழ ஈயை அடக்குவதில் முதலிடம் பெற்றது. பெயர் தெரியாமலே அது வேலை செய்தது என்பது உண்மைதான். ஆனால் முட்டையைத் தேடும் குளவிக்குப் புழுவைக் கொடுத்து வளர்க்க முயன்றால் ஒன்றும் விளையாது.

ஆலையின் சிறு கணக்குப் புத்தகம்

உயிரினத்தின் உடல் எண்ணற்ற உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் உயிரணுவையும் ஒரு தோட்டமாக எண்ணிக்கொள்வோம். நடுவிலுள்ள உட்கரு தோட்டத்து அலுவலகம்; பரம்பரைக் குறிப்புகள் அடங்கிய பெரிய பேரேடு அங்கே உள்ளது. உயிரணுவிற்குச் சக்தி அளிக்கும் இழைமணிகள், அதாவது மைட்டோகாண்ட்ரியா, தோட்டத்து ஆலைகள். வியப்பு என்னவெனில், ஆலையும் தனக்கென ஒரு சிறு கணக்குப் புத்தகம் வைத்திருக்கிறது. பெரும்பாலான விலங்குகளில் அது வளையம் போன்ற ஓர் இழை. 37 மரபணுக்களையே கொண்டது. பதின்மூன்று மரபணுக்கள் புரதங்களுக்கும், எஞ்சிய 24 அப்புரதங்களைக் கட்டும் பணிக்கும் உரியவை. மனிதனின் இழைமணி மரபுத்தொகுதி 1981இல் முழுமையாகப் படிக்கப்பட்டது. அதில் 16,569 எழுத்துகள் உள்ளன. தேனீயின் தொகுதி 1993இல் படிக்கப்பட்டது. குளவி, தேனீ, எறும்பு ஆகியவை அடங்கிய பெருங்குலத்தில் முதன்முதலில் படிக்கப்பட்டது அதுவே.

இச்சிறு புத்தகம் ஆராய்ச்சிக்கு ஏற்றதாக இருப்பதற்குக் காரணங்கள் உள. ஓர் உயிரணுவில் இதன் படிகள் பற்பல இருப்பதால், காய்ந்துபோன குளவியின் ஒற்றைக் காலிலிருந்தும் இதனைப் படிக்க முடிகிறது. மேலும் இது பொதுவாகத் தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்குச் செல்கிறது. தந்தையின் குறிப்பு கலவாத தாய்வழிச் சீட்டு இது. குளவிகளில் இன்னொரு விந்தையும் உண்டு: கருவுறாத முட்டையிலிருந்தே பொதுவாக ஆண் குளவி பிறக்கிறது. ஆண் குளவிக்குத் தந்தையே இல்லை. தாய்வழிப் பாட்டன் மட்டும் உண்டு. உறவுமுறை வைத்து அழைப்பதென்றால் நம் அத்தைமார் திணறிப் போவார்கள்.

இந்தச் சீட்டிலிருந்து உறவை அறிவது எப்படி? ஆசிரியராக இருந்தவர்க்கு இது எளிதில் விளங்கும். நாற்பது மாணவர்கள் ஒரே பாடத்தை எழுதினால் சரியான விடை எல்லார் தாளிலும் ஒன்றாகவே இருக்கும்; அதிலிருந்து ஒன்றும் அறிய இயலாது. மூன்று மாணவர் தாள்களில் மட்டும் ஒரே சொல்லில் ஒரே எழுத்துப்பிழை இருந்தால், ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதினர் எனத் துணிந்து கூறலாம். தலைமுறைதோறும் மரபெழுத்து படியெடுக்கப்படும்போது எங்கோ ஓரெழுத்து மாறுகிறது. அம்மாற்றம் வழித்தோன்றல்களுக்குச் செல்கிறது. ஒரே மாற்றங்களைப் பெரிதும் பகிர்ந்துகொள்ளும் இரண்டு குளவிகள் அண்மைக் காலத்தில் பிரிந்த உடன்பிறப்புகள். மிகக் குறைவாகப் பகிர்வன தொலைவான உறவினர்.

புத்தகம் முழுவதையும் படிக்காமல் ஒரே மரபணுவில் ஏறத்தாழ 650 எழுத்துகளைப் படித்தே இனம் காணலாம் என்ற முறையை, கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்து பால் ஹீபர்ட் குழுவினர் 2003இல் முன்வைத்தனர். கடைப்பொருள்களில் கோடுகள் அச்சிட்டிருப்பதைப் போன்றது இது. கோஸ்தா ரிக்கா நாட்டின் ஒரு காட்டுப்பகுதியில் வளர்த்தெடுத்த குளவிகளை இம்முறையில் ஆராய்ந்தபோது, உருவத்தைக் கொண்டு 171 இனங்கள் என எண்ணியவை 313 இனங்களாகத் தோன்றின. அவ்வாராய்ச்சி 2008இல் வெளிவந்தது. பல புழுக்களையும் தின்னும் ஒரே குளவி என நம்பப்பட்டவை, தனித்தனிப் புழுக்களைத் தின்னும் பல குளவிகளாக இருந்தன. இது நமக்கும் உரிய செய்தி. களைச்செடியில் உள்ள புழுவைக் கொல்லும் குளவியே பைப்புழுவையும் கொல்லும் என நம்பி இருந்துவிடக் கூடாது.

மலேசியாவிலும் இவ்வழி நடைபெறுகிறது. நட்சத்திரப் பழத்தையும் கொய்யாவையும் கெடுக்கும் பழ ஈக்களின் ஒட்டுண்ணிக் குளவிகளை ஒரே சோதனையில் இனம் பிரிக்கும் மரபணு முறையொன்றை மலேசியத் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்டனர்.

கேமரன் மலைக் குளவிகள் இரண்டு

கேமரன் மலையில் முட்டைக்கோசு பயிரிட்டவர்கள் வைரமுதுகு அந்துப்பூச்சியால் பட்ட பாடு பலர்க்கும் தெரியும். எந்த மருந்துக்கும் சில ஆண்டுகளில் அப்பூச்சி பழகிவிடும். 1970களில் டயடெக்மா செமிகிளௌசம் என்னும் குளவி அங்கே கொண்டுவந்து விடப்பட்டு நிலைகொண்டது. கோட்டீசியா வெஸ்டாலிஸ் என இன்று வழங்கும் மற்றொரு குளவியும் அதே புழுவைத் தாக்குகிறது. பார்வைக்கு இரண்டும் கறுத்த சிறு குளவிகள். செய்யும் தொழிலும் ஒன்றே. ஆனால் குலம் வேறு. இவ்விரண்டின் இழைமணி மரபுத்தொகுதிகளையும் சீன நாட்டு ஆய்வாளர்கள் படித்து 2009, 2010ஆம் ஆண்டுகளில் வெளியிட்டனர்.

அதில் எழுத்துகளைப் போலவே மரபணுக்கள் அமைந்த வரிசையும் கவனத்திற்கு உரியது. பூச்சிகள் பலவற்றில் 37 மரபணுக்களும் ஒரே பழைய வரிசையில் அமைந்துள்ளன. குளவிகளிலோ சிறு மரபணுக்கள் சில இடம் மாறியும் சில தலைகீழாகத் திரும்பியும் உள்ளன. ஓர் எழுத்து தற்செயலாக இரண்டு குடும்பங்களில் ஒன்றுபோல் மாறிவிடலாம்; வரிசையே ஒன்றுபோல் புரள்வது அரிது. ஆகவே வரிசை மாற்றம் உறவுக்கு உறுதியான சாட்சி எனப் பலர் கருதினர். அந்தச் சாட்சியும் சில சமயம் ஏமாற்றும். வெவ்வேறு குடும்பங்களில் தனித்தனியே மாற்றங்கள் நேர்ந்துள்ளன என்பதை டயடெக்மாவின் ஆய்வே காட்டியது.

இன்னொரு குறையும் உண்டு. மரபெழுத்துகள் நான்கு. பல ஒட்டுண்ணிக் குளவிகளின் இழைமணியில் பத்து எழுத்துகளில் ஏறத்தாழ எட்டு, அந்நான்கில் இரண்டாகவே இருக்கின்றன. இரண்டே எழுத்துகளால் எழுதிய பாடத்தில் உறவில்லாத சொற்களும் ஒன்றுபோல் தோன்றுமன்றோ? மேலும் ஒட்டுண்ணிக் குளவிகளில் இவ்வெழுத்துகள் பிற உறவினரைவிட விரைந்து மாறுகின்றன என்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்களான டௌட்டன், ஆஸ்டின் இருவரும் 1995இலேயே எடுத்துக் காட்டினர். ஆகவே மிகப் பழைய உறவுகளைத் தாய்வழிச் சீட்டு ஒன்றையே நம்பி முடிவு செய்வது தகாது; அலுவலகத்துப் பெரிய பேரேட்டையும் திறந்து பார்க்க வேண்டும்.

அப்பணியை ரால்ப் பீட்டர்ஸ் தலைமையில் ஒரு குழு 2017இல் செய்தது. 173 பூச்சி இனங்களில் மூவாயிரத்திற்கும் மேற்பட்ட உட்கரு மரபணுக்களை அவர்கள் ஒப்பிட்டனர். பிற உயிரைத் தின்று வளர்ந்து அதனைக் கொல்லும் வழக்கம் இக்குலத்தில் ஒரே ஒருமுறை, 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், ஒரு மூதாதையிடம் தோன்றியது என்பது அவர்கள் முடிவு. அந்த மூதாதையின் வழியிலேயே பிற்காலத்தில் கொட்டும் குளவிகள் வந்தன. அவற்றின் கிளைகளாகவே எறும்பும் தேனீயும் வந்தன. முட்டையிடும் ஊசியே கொடுக்காக மாறியது. நாம் தேன் எடுக்கும் தேனீ, பாகற்கொடியில் ஊரும் எறும்பு, சுவர் மூலையில் மண்கூடு கட்டும் குளவி ஆகிய மூன்றும் புழு தின்ற ஒரு பழங்குளவியின் பேரப்பிள்ளைகள். இதனைச் சொன்னபோது பெரியவர் சிரித்தார். "அப்படியானால் தேனீ சைவமாகிப் போன கிளை" என்றார். பாடநூல்கூட இவ்வளவு சுருக்கமாகச் சொல்லாது.

தோட்டத்திற்கு இதனால் என்ன? பைப்புழுவிற்கென விளைந்த முறைகளில் ஒன்று, சாலையோரங்களிலும் வரப்புகளிலும் பூச்செடி நடுவது. மலாயர் பூங்ஙா பூக்குல் லாப்பான் என அழைக்கும் டர்னேரா, மணப்பெண் கண்ணீர் என்று பொருள்படும் ஆயேர் மாத்தா பெங்ஙாந்தின் கொடி, மஞ்சட்பூக் காசியா ஆகியவை இதற்கென நடப்படுகின்றன. வளர்ந்த குளவி புழுவைத் தின்பதில்லை. அதற்கு வேண்டியது தேன். தேன் கிடைத்தால் பல நாள் வாழ்ந்து பல புழுக்களில் முட்டையிடும். செடி அழகுக்காக நட்டது என எண்ணி அதனைக் களையோடு சேர்த்து மருந்தடித்துவிடும் காட்சியை நான் கண்டிருக்கிறேன். வேலையாளைக் குறை சொல்வதற்கில்லை. அது ஏன் நடப்பட்டது என்று அவரிடம் யாரும் கூறவில்லை. பூவிற்கு வருவது நண்பனா, நண்பனின் பகைவனா என்பதை அறியத்தான் மேலே கூறிய ஆராய்ச்சி வேண்டும். உயிரோடுள்ள புழுவின் உடலில் குளவியின் மரபெழுத்து இருக்கிறதா எனச் சோதித்தால், குளவி வெளிவரும் வரை காத்திராமலே, எத்தனை புழுக்கள் ஏற்கெனவே சாகப் போகின்றன என்று கணக்கிடலாம். பெரும்பாலானவை அவ்வாறிருப்பின் அந்தப் பகுதிக்கு மருந்து தேவையில்லை.

தம்போய்ச் சேம்பிலையைப் புழுவோடு நறுக்கி, ஓர் ஹார்லிக்ஸ் புட்டியில் இட்டு, வாயைத் துணியால் கட்டிப் பெரியவரிடமே கொடுத்து வந்தேன். ஆறாம் நாள் தொலைபேசியில் அழைத்தார். சென்று பார்த்தோம். புட்டியின் அடியில் புழு கருகிக் கிடந்தது. துணியின் கீழ் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட கறுத்த சிறு குளவிகள் ஒளியை நோக்கி ஏறிக்கொண்டிருந்தன. அவற்றினிடையே வேறு நான்கு. அவை பச்சைப் பளபளப்புள்ளவை, இன்னும் சிறியவை.

"கறுப்பு நம்முடையது. பச்சை?" என்று கேட்டார்.

பச்சை அக்கறுப்பைத் தின்று வந்தவையாக இருக்கலாம் என்றேன். கண்ணால் பார்த்து உறுதி சொல்லும் தகுதி எனக்கில்லை என்பதையும் ஒப்புக்கொண்டேன். பெரியவர் சற்று நேரம் புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு துணியின் ஓரத்தை நகத்தளவு தூக்கி, கறுத்தவை வெளியேறும்போதெல்லாம் விட்டு, பச்சை ஒன்று நெருங்கும்போதெல்லாம் விரலால் மூடி, அந்தி சாயும் வரை கொய்யா மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.